நாணல் பூக்களுக்கு மேலே

கயிற்றில் பறந்து வந்த சுய்பிங்கின் கால் சேற்றில் பட்டதும் எல்லாரும் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹௌ மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொண்ணு போகலாம்" என்றார்.

என்ன தப்பு என்று சொல்லவில்லை. அவர் அப்படித்தான். திட்டவும் மாட்டார், விளக்கவும் மாட்டார்.

ஆற்றின் முகத்துவாரம் முழுக்க நாணல் பூத்து வெளுத்துக் கிடந்தது. வானமும் அதே வெளுப்பு. அந்த வெண்மையின்மேல் அவுரி நீல அங்கி ஒன்று, தூரிகையால் ஒரே இழுப்பில் தீட்டிய கோடுபோல ஓட வேண்டும். பாதி தூரத்தில் காற்றிலேயே திரும்பி, வாளை நீட்டிக்கொண்டு கேமராவை நோக்கி வர வேண்டும். காட்சி இவ்வளவுதான். இதற்காகத்தான் ஹௌ கோடையிலிருந்து காத்திருந்தார்.

கரையில் அறுப்புக்காரர்கள் இயந்திரங்களோடு நின்றிருந்தார்கள். காகித ஆலைக்குப் போக வேண்டிய நாணல். இன்று மாலைவரை மட்டும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தம்மா பாட்டுக்குப் பறக்கட்டும்பா. நாம கீழ அறுத்துக்கிட்டே போவோம்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சுய்பிங் சிரிக்கவில்லை. கால் வைத்த விதம் கனமாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த முறை பூவின் நுனியை மட்டும் தொட்டு ஓடினாள்.

"இன்னொண்ணு."

அப்படியானால் கைதான். நீண்ட அங்கிக் கையை உதறியது கொஞ்சம் பிந்தியிருக்கும். அதையும் சரிசெய்தாள்.

"இன்னொண்ணு."

இடுப்பில் கட்டிய வார் தோலை உரித்திருந்தது. நீல அங்கியில் ரத்தம் தெரியாது என்பது ஒரு நிம்மதி. ஆனால், கொக்கி மாட்ட வந்த லாவ் தூ கண்ணில் அது பட்டுவிட்டது. ரோப் இழுக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"போதும்மா. நான் போய்ச் சொல்லிடறேன். அசிஸ்டென்ட் வேற ஏற்கெனவே இன்னொரு பொண்ணுக்கு போன் போட்டுக்கிட்டிருக்கான்."

"போடட்டும். அவ வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். நீங்க இழுங்கண்ணே."

மறுபடியும் போனாள். மறுபடியும் இறங்கினாள்.

இந்த முறை ஹௌ அவளைக் கைகாட்டி அழைத்தார்.

அதுவரை எடுத்ததையெல்லாம் மானிட்டரில் ஓட்டிக் காட்டினார். ஓட்டம் அழகாகவே இருந்தது. அங்கிக் கை நாணலோடு சேர்ந்து அலையடித்தது. திரும்பும் இடம் வந்ததும் அவளுடைய தாடை தோளுக்குள் போனது. கூந்தல் வந்து முகத்தை மூடியது. ஒவ்வொரு ஷாட்டிலும் அதே இடத்தில், அதே மாதிரி.

இருபது வயதிலிருந்து அவளுக்குச் சம்பளம் கொடுத்ததே முகத்தை அப்படி மறைப்பதற்குத்தான். எத்தனையோ கதாநாயகிகளுக்காகப் பறந்திருக்கிறாள், கூரையிலிருந்து விழுந்திருக்கிறாள். அவள் முகம் தெரிந்துவிட்டால் ஷாட் வீண்.

"நீயே கண்டுபிடிப்பேன்னு பார்த்தேன். வெளிச்சம் விடமாட்டேங்குது" என்றார் ஹௌ. "இது உன்னோட வேஷம், சுய்பிங். இன்னிக்கு நீ யாருக்கும் டூப் போடல."

அவள் திரும்பிப் போய்க் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டாள்.

மேலே, திரும்பும் இடம் வந்ததும் கழுத்து தானாகத் தோளை நோக்கி மடங்கப் பார்த்தது. விறைத்துப் பிடித்து அதை நிறுத்தினாள். குளிர்காற்று நேராக முகத்தில் அறைந்தது.

கீழே இறங்கியபோது "இன்னொண்ணு" என்ற குரல் வரவில்லை. ஹௌ எழுந்து அறுப்புக்காரர்களைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று கையசைத்தார்.

லாவ் தூ மானிட்டருக்கு முன்னால் குனிந்து நின்றார். எத்தனையோ படங்களில் அவளைத் தூக்கியவர். எப்போதும் கீழேயிருந்து அவள் முதுகை மட்டுமே பார்த்தவர்.

"ஏம்மா, மேல போனா நீ சிரிப்பியா?" என்றார். "இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியவே தெரியாதே."

சுய்பிங் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.