முப்பது அடிக்குள் ஒரு போன்

"ஸ்பீக்கர் ஏற்கெனவே வேற போனோட சேர்ந்திருக்கு. அதான் உங்க போன் சேர மாட்டேங்குது" என்றார் சந்திரமோகன். மரைன் ஹில்லில் மொபைல் ரிப்பேர் கடை அவருடையது.

"எங்க வீட்டுக்காரர் போனாத்தான் இருக்கும். ஆனா அவர் செவ்வாய்க்கிழமையே கேம்பல் பே தீவுக்குக் கப்பல் ஏறிட்டாரே, ரெண்டு நாள் தூரம்" என்றாள் ரூபா.

"புளூடூத் முப்பது அடிக்கு மேல எட்டாதும்மா."

ரூபா கணவன் உதயசூரியனின் எண்ணை அழைத்தாள். மேஜையில் இருந்த ஸ்பீக்கர் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"கப்பலே ஏறல, மனுஷன். இங்கதான் எவ வீட்டுலயோ இருக்காரு."

சந்திரமோகன் ஸ்பீக்கரோடு தெருவில் இறங்கினார். போன் சேர்ந்திருக்கும்வரை ஸ்பீக்கரில் நீல விளக்கு எரியும்; அது அணையும் இடத்தை வைத்துப் போன் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். ரூபாவும் கூடவே நடந்தாள். ஏற்றத்தில் அணையவில்லை. இறக்கத்திலும் அணையவில்லை. அவளை டீக்கடை முன் நிறுத்திவிட்டுத் தனியாக நடந்தார். பதினைந்தாவது எட்டில் அணைந்தது. திரும்பி அவளிடம் வந்ததும் எரிந்தது.

"பையைக் காட்டும்மா."

பெஞ்சில் கொட்டினாள். இருந்தது அவளுடைய போன் மட்டும். அதில் வீடியோ கால் வந்துகொண்டிருந்தது.

உதயசூரியன் கேம்பல் பே ஜெட்டியில் நின்றிருந்தார். பின்னால் கப்பல், இந்தியில் அறிவிப்பு. ரூபாவுக்கு உயிர் வந்தது.

அவர் முகத்தில் சிரிப்பில்லை. "யார் கூட நிக்கிறே?"

"ரிப்பேர் கடை அண்ணன். எதிர்ல நிக்கிறாரு."

"எதிர்ல நிக்கிறவரைக் கேக்கல. உன் தோள்ல கை போட்டிருக்கானே, அவனைக் கேக்கிறேன்."