புஷ்பவதி அக்காவின் சுணக்கம்

"இதைக் கொல்ல ஏலாது நானா. நாலு தரம் பார்த்திட்டன், சாகமாட்டன் எண்டு நிக்குது" என்றாள் ரிப்கா.

கொல்லச் சொன்னது வேறொன்றையுமில்லை, கம்பியூட்டருக்குள் இறுகிப்போன ஒரு ஸ்கேன் வேலையை. திருகோணமலைத் துறைமுகத்தடி மீனவர் சங்கத்தில், அனுமதிப் பட்டியல் அனுப்பும் கடைசி நாளாகப் பார்த்து அந்தச் சனியன் இறுகிக்கொண்டது. திருத்த வந்தவள்தான் ரிப்கா.

தலைவர் சரீப்புக்கு வேர்த்துக் கொட்டியது. "மணி பன்னிரண்டே கால் பிள்ளை! இண்டைக்குப் பட்டியல் கொழும்புக்குப் போகாட்டி நாப்பது வள்ளம் மூண்டு மாசம் கரையில கிடக்கும்!"

"இது ஸ்கேனரிட்ட ஒண்டைக் கேட்டுப்போட்டு நிக்குது நானா. பதில் வரும் மட்டும் நாங்கள் என்ன கத்தினாலும் காதில ஏறாது. கம்பியூட்டரை ஓவ் பண்ணித்தான் போட வேணும்."

"ஐயோ, ஓவ் பண்ண வேண்டாம்!"

பதறினது கிளாக்கர் புஷ்பவதி அக்கா. ஆனால் கதிரையை விட்டு அசையவில்லை. "பன்னிரண்டுக்குப் பிறகு புதுப் பட்டியல் திறக்காது. திறந்து கிடக்கிறதுதான் போகும். நீங்கள் ஒரு பிளேன்ரீ குடியுங்கோ பிள்ளை. வடையும் இருக்குது."

ரிப்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது குடும்பம் தவிக்குது, இந்த மனுசிக்கு வடை!

"கொஞ்சம் எழும்புங்கோ அக்கா, வயரைப் பார்க்க வேணும்."

"கால் விறைச்சுப் போச்சு பிள்ளை."

ரிப்கா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்தாள். ஸ்கேனர் வயர் கழன்று கிடந்தது. அதன் முனை அக்காவின் செருப்புக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

"நானா! இது பழுதில்லை. இவதான் வயரைக் கழற்றி மிதிச்சுக்கொண்டு இருக்கிறா!"

சரீப் வெடித்தார். "வேலை செய்யப் பஞ்சியெண்டால் வீட்டில இருக்கலாமே! நாப்பது குடும்பத்தின்ட வயித்திலயா அடிக்கிறீங்கள்?"

புஷ்பவதி அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தா.

ஓட்டோ ஒன்று கிறீச்சிட்டு நின்றது. இலங்கைத்துறை வள்ளக்காரர் இக்னேசியஸ் தன் வள்ளத்தின் கடதாசியோடு விழுந்தடித்து ஓடி வந்தார்.

"மூடிப்போட்டீங்களோ? மூதூரடியில பஸ் டயர் வெடிச்சுப்போச்சு. அக்காவுக்குக் கோல் எடுத்துச் சொன்னனான்..."

"கதையை விட்டுட்டுத் தாங்கோ."

அக்கா கடதாசியைப் பறித்து ஸ்கேனரில் வைத்தா. குனிந்து வயரைச் செருகினா. கம்பியூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஸ்கேனர் கர்ரென்று ஓடியது. நாற்பத்தொராவது வள்ளமும் ஏறி, பட்டியல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. இக்னேசியஸ் அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டே தண்ணி குடிக்க வெளியே போனார்.

"வயரைக் கழற்றினால் பன்னிரண்டுக்குப் பிறகும் பட்டியல் மூடாது எண்டு ஆர் அக்கா சொன்னது?" ரிப்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"பூனை. போன கிழமை மீன் மணத்துக்கு வந்து இழுத்து விட்டது. அண்டைக்குக் கண்டனான்."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?" என்றார் சரீப்.

"சொன்னால் நீங்கள் சட்டம் கதைப்பீங்கள்."

ரிப்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சரீப்புக்கு மட்டும் ஒன்று விளங்கவேயில்லை. வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புஷ்பவதி, நீங்கள் வேலையில சுணக்கம், உங்களை நிப்பாட்ட வேணும் எண்டு போன மாசம் பெட்டிசம் எழுதினது இந்த மனுசனெல்லோ?"

"ஓம் தலைவர். பாவம், இண்டைக்கு ஒரு நாளாவது அவர் எழுதினது உண்மையா இருக்கட்டும்."