வேகம் போதாது, பெருசு!

"வேகம் போதாது, பெருசு! வேகம்!"

முன்வரிசையில் இரும்பு மணியும் குச்சியுமாக நின்ற ஆள் கத்தினார். கௌகா ஆற்றங்கரையிலுள்ள இந்த ஊரில் கச்சேரி என்றால் ரசிகர்களே வீட்டிலிருந்து மணி கொண்டுவந்து கூடவே தட்டுவார்கள். தட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வாயையாவது மூடக்கூடாதா?

பாடியவர் எலிஹியோ மத்தோஸ். வயது எழுபத்தெட்டு. பல வருஷம் கழித்து வந்த அழைப்பு. நல்லபடியாக முடியவேண்டுமென்று போர்ட்டோ ரிக்கோவில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார். நான் அவருக்குக் காங்கா மேளம் தட்டுகிறவன்.

உருக்கமாக ஒரு பொலேரோ, மெதுநடைக் காதல் பாட்டு, பாடினார். கொட்டாவி விட்டார்கள். சல்சாவுக்கு வந்தார். ஒரு ஜோடிகூட ஆட எழுந்திருக்கவில்லை.

"இவர் ரிக்கார்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான்," என்றார் மணிக்காரர் மனைவியிடம். "குரல் சிட்டாப் பறக்கும். இப்ப என்னடான்னா ஜவ்வா இழுக்குறாரு. வயசாச்சுன்னா வீட்டோட கிடக்கணும்!"

"மெதுவாப் பேசுங்க நாபோர், அவர் காதுல விழப்போகுது."

"விழட்டுமே! அசல் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

விழுந்துவிட்டது. மத்தோஸின் முகம் சுருங்கியது. பின்வரிசையில் நாலைந்து பேர் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

"தம்பி, வேகத்தை ஏத்து," என்றார் என்னிடம்.

"வேணாம் வாத்தியாரே, உங்க நெஞ்சு தாங்காது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"தட்டுடா!"

தட்டினேன். குரலை உச்சியில் ஏற்றி, மூச்சு வாங்க வாங்கப் பாடினார் மனுஷன். அரங்கமே எழுந்து ஆடியது.

"இதுதான்யா அசல்!" நாபோருக்குத் தலைகால் புரியவில்லை.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் எங்கள் அறைக்கே ரிக்கார்டோடு கையெழுத்து வாங்க வந்தார். "நல்லவேளை, நான் கத்தினேன். இல்லாட்டி உங்க பாட்டு உங்களுக்கே மறந்துபோயிருக்கும்!"

"ரொம்ப உபகாரம்," என்று கையெழுத்துப் போட்டார் மத்தோஸ்.

அந்த ஆள் நகர்ந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "காது இருக்கா வாத்தியாரே அந்தாளுக்கு?"

"அவரைத் திட்டாதே. நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்து சுத்தவேண்டிய ரிக்கார்டை, ஆட்டம் சூடுபிடிக்கட்டும்னு இந்த ஊர்ல நாப்பத்தஞ்சுல ஓடவிடுவாங்க. அவர் கேட்டதெல்லாம் அந்தக் கீச்சுக்குரல்தான். இன்னிக்காவது என் நிஜக்குரலைக் கேக்கட்டும்னு ஆசைப்பட்டேன்."

"அதை அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லவேண்டியதுதானே!"

மத்தோஸ் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"கத்தாதேடா! சரியான வேகத்துல கேட்ட ஊர்ல எல்லாம் என்னை எவன் கச்சேரிக்குக் கூப்பிட்டான்?"