ஒன்பதாவது வளைவு

"பூங்கொடி, அந்தப் பழைய துணியக் கொண்டா," என்று கார் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டார் தெய்வசிகாமணி. டர்போவைச் சரிசெய்து அப்போதுதான் மாட்டியிருந்தார். மனைவி துணியோடு வருவதற்குள் அந்த நீல சுபாரு காரின் மேலேயே சாய்ந்து உயிரை விட்டிருந்தார்.

கார்கள் தாமாகவே ஓடும் காலம் அது. ஒவ்வொன்றும் தன் சொந்தக்காரர் ஓட்டிய விதத்திலேயே ஓடும்; அந்தப் பதிவுக்குக் 'கை' என்று பெயர். அவர் இறந்ததும் அந்தக் கையை அழித்து, பொதுக் கையைப் பதிப்பதுதான் வழக்கம்.

"அழிச்சரலாம்மா. அப்பா கை முரட்டுக் கை," என்றாள் மகள் கவிநிலா.

"ஒரே ஒரு தடவ மலைக்குப் போயிட்டு வந்தரலாம் கண்ணு."

ஆழியாறு தாண்டி கார் மலையேறியது. ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. ராலிப் பந்தயங்களில் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைப் போலவே, பூங்கொடி ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டிச் சொன்னாள். காரும் கேட்டு நடந்தது. ஒன்பதாவது வளைவு வந்தது.

"வலது, போகப்போக இறுகுது. மெதுவா... மெதுவாங்க!"

கார் உறுமிக்கொண்டே போய், வளைவின் வாயில்தான் பிரேக் பிடித்து, வழுக்காமல் திரும்பியது.

"உன் பேச்சக் கேக்கவே இல்லையேம்மா!" பின்னாலிருந்து அலறினாள் கவிநிலா.

"இந்த வளைவுல உங்கப்பா என்னைக்குக் கேட்டாரு?"

அவர் போனபின் பூங்கொடி சிரித்தது அப்போதுதான். டேஷ்போர்டைத் தடவிக்கொடுத்தாள். "போதும்ங்க. எனக்கு இதுவே போதும்."

அந்தக் கையை யாரும் அழிக்கவில்லை. ஞாயிறுதோறும் மலையேறுகிறார்கள். மற்ற வளைவுகளில் எல்லாம் கார் அவள் சொன்னபடி கேட்கிறது. ஒன்பதாவதில் மட்டும் இன்றும் கேட்பதில்லை.