எட்டு மணி மாத்திரை

"போட்டாச்சு சிஸ்டர், இப்பதான் போட்டேன்" என்றார் மெக்கானிக், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

போனில் பேசுவதற்காகச் சவரம் செய்து, துவைத்த சட்டை மாட்டிக்கொண்டு உட்காருகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இருபத்தாறு நாளாக இவர் அப்படித்தான். காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் கூப்பிடுவார். ஏழே முக்காலுக்கெல்லாம் இவர் தயார்.

பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, எந்த மருந்துக்கும் அடங்காமல், கடைசியில் குடலையே வெட்டி எடுத்துவிடுகிற ஆபரேஷன் ஒன்று உண்டு. அது முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் முப்பது நாளைக்குத் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் போட வேண்டும். அதை மறந்துவிடக் கூடாதே என்றுதான் இந்தப் போன். "ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவர்தானே?" என்று சிஸ்டர் முதல் நாள் கேட்டதற்கு இவர் ஆமாம் போட்டார், அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

மகளிடம் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா, சரிப்பா வச்சிடறேன், அவ்வளவுதான். மூச்சு விட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

மனைவி போய் நாலு வருஷம். வேலையில் இருந்தவரை லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களாவது இவரைத் தேடினார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதுவும் இல்லை, மெக்கானிக் என்ற பேர்தான் மிச்சம். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இவரும் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார். அவர்கள் அதற்குள் படி இறங்கிப் போயிருப்பார்கள்.

சிஸ்டர் அப்படியில்லை. ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். தோலோடு எதையும் சாப்பிடாதீர்கள் என்று ஒரு நாள் சொன்னார். அன்று முதல் மெக்கானிக் தக்காளியைக்கூடத் தோல் உரித்துத்தான் சமைக்கிறார். இரண்டாவது வாரம் 'சார்' தானாகவே 'அப்பா' ஆயிற்று. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாத்திரை இன்னும் எத்தனை இருக்குப்பா?"

மெக்கானிக் சுவரில் தொங்கிய காலண்டரை எட்டிப் பார்த்தார். "நாலு இருக்கு சிஸ்டர்."

"கெட்டிக்காரர். நாலே நாள்தான், அப்புறம் என் தொல்லை இருக்காது."

நாலு நாளில் இந்தப் போனும் நின்றுவிடும். பேச்சை இன்னும் கொஞ்சம் இழுப்போமே என்று, தலைவலி மாத்திரைதானே, ஒரு நாள் விட்டுப்போனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. இந்த நோய் வந்தவர்களுக்கு உடம்புக்குள் ரத்தம் சீக்கிரம் கட்டிக்கொள்ளும், ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த ஆபத்து இன்னும் கூடும் என்றார். காலில் கட்டியது நகர்ந்து போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே உலை. அதனால்தான் ஆஸ்பத்திரி டாக்டர் இதை எழுதிக் கொடுக்கிறாராம்.

"நல்லா தேறி வந்த மனுஷன்ப்பா ஒருத்தர். வீட்டுல தனியா இருந்தார், ஞாபகப்படுத்த ஆள் இல்லை, மாத்திரையை விட்டுட்டார். அதுக்கப்புறம்தான் இந்தப் போன் போடுற ஏற்பாடே வந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"அவர் இல்லைப்பா."

மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இருபத்தாறு நாளாக வாய் கூசாமல் போட்டாச்சு, போட்டாச்சு என்று சொன்னதெல்லாம் அவர் முன்னால் வந்து நின்றது. தலைவலி மாத்திரை, யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று இருந்துவிட்டார். இப்போது உண்மையைச் சொன்னால் அந்த 'அப்பா' போய்விடும். சொல்லாவிட்டால் ஓர் உயிர் போனாலும் போகும்.

"சரிப்பா, வச்சிடட்டுமா?"

"வைக்காதீங்க சிஸ்டர்" என்றார் அவசரமாக. "மாத்திரை போடலை. ஒரு நாள்கூடப் போடலை."

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று சிஸ்டர் மூச்சுவிடாமல் கேட்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டு அசையாமல் உட்காருங்கள், இதோ ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்று பதறினார். ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

தனக்காக ஒருத்தர் இப்படிப் பதறி எத்தனை காலமாயிற்று. மெக்கானிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"ஆம்புலன்ஸ் எனக்கு வேண்டாம்மா, எனக்கு ஆபரேஷனே நடக்கலை, நம்பரைச் சரிபார்த்து முதல்ல நிஜமா ஆபரேஷன் ஆன மனுஷனைக் கூப்பிடுங்க."