புலியின் மறுபாதி

இறந்துபோன சிற்றரசர் லுவானின் வாயில் சடங்குப்படி பச்சைக்கல்லை வைத்துச் சவப்பெட்டியை மூடப் பூசாரி காத்திருந்தார். தளபதி ஃபான் ஜுன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தளபதியின் கையில் பாதி வெண்கலப் புலி இருந்தது. அதன் மறுபாதியைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டுகிறவன் சொன்னால்தான் படை நகரும். அதுதான் அந்த நாட்டு வழக்கம். காலையில் மூத்த மகன் யான் கொண்டுவந்தான், கச்சிதமாகப் பொருந்தியது. தம்பியின் கோட்டையைக் கொளுத்தச் சொன்னான். வெளியே குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தபோது, இளையவன் ஹெங் வந்து நின்றான். அவன் நீட்டிய பாதியும் அதே கச்சிதத்தோடு பொருந்தியது.

“உனக்கு மட்டுந்தான்னு சொல்லி அப்பா குடுத்தாரு,” என்றான் ஹெங்.

“எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு,” என்ற யானின் கை வாளுக்குப் போனது.

ஃபான் ஜுன் பெட்டிக்குள் கிடந்த லுவானைத் திரும்பிப் பார்த்தார். இந்த மனுஷனுக்காகத்தான் போரில் ஒரு கண்ணைப் பறிகொடுத்தார். உயிரோடு இருக்கும்வரை இரண்டு பிள்ளைகளும் தன் காலடியிலேயே கிடக்க வேண்டுமென்று ஒரே மறுபாதியை இரண்டு பிரதிகளாக வார்த்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, இப்போது நிம்மதியாகப் படுத்திருக்கிறார்.

“செத்த பிறகும் எங்கள வெட்டிக்கிட்டுச் சாகச் சொல்றீங்களா? உங்க படைய நீங்களே நடத்துங்க,” என்று பிணத்தைப் பார்த்துக் கத்தினார் ஃபான் ஜுன்.

தளபதி பிணத்தின் தாடையை நெம்பித் திறந்து, தன் கையிலிருந்த பாதியை உள்ளே திணித்தார். புலியின் வால் உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூசாரி கல்லோடு பின்வாங்கினார். பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் அப்பாவின் வாய்க்குள் கையை விட்டார்கள்.