நாக்குக்கு அடியில்

“இந்த மாத்திரைய நீங்களும் போடணும்” என்று அஞ்சுகம் புருஷனிடம் சொல்லியேவிட்டாள். ஆம்பளையிடம் இந்த மாதிரி நோவைப் பற்றி மட்டும் பேசிவிடாதே, உடம்புச் சூடு என்று சொல்லிச் சமாளி என்பது அம்மா சொல்லி அனுப்பிய புத்தி. விலங்கியல் படித்தவள், கிருமியின் பெயர்கூடத் தெரிந்தவள், வருஷக்கணக்கில் வெந்தயத் தண்ணீரைக் குடித்து அந்த இடத்து அரிப்பைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் போட்டால்தான் போகும், இல்லையென்றால் அவரிடமிருந்து உனக்கே திரும்பி வரும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

“நோவு ஒனக்கு, மாத்திரை எனக்கா? நான் என்ன ஊர் மேயுறவனா?” என்றான் பூபதி. அவன் முகம் சுருங்கியதும், நாலு பேர் முன்னால் அவனை அறைந்துவிட்டதுபோல் அவளுக்குக் கூசியது.

“அப்படிச் சொல்லலீங்க.”

அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். குழந்தைபோல் வாயைத் திறந்தும் காட்டினான். சந்தேகப்பட்ட பாவத்துக்கு அவள் கண் கலங்கியது. “மன்னிச்சிருங்க” என்று அவன் தோளில் சாய்ந்தாள்.

“போதுமா டாக்டரம்மா?” என்று அவன் சிரித்தபோது அவன் பல்லில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். நாக்குக்கு அடியில் அது வெள்ளையாக, ஓரம் கரைந்து கிடந்தது. கசப்பில் அவன் வாய் கோணியது. அப்போதும் அவளுக்குத்தான் குற்றவுணர்ச்சி வந்தது, கட்டாயப்படுத்தி நாடகமாடவைத்துவிட்டோமே என்று. அப்படித் தோன்றியதில்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“துப்பிருங்க, கசக்கும்” என்றாள்.

தன் ஆபீஸ் பையில் இரண்டு புடவைகளைத் திணித்தாள். “எங்கடி கெளம்பிட்ட?” என்று அவன் குழறியபோது படியிறங்கிக்கொண்டிருந்தாள்.